ஒரு கை, மூன்று தண்ணீர்

சின்ன வயதிலிருந்தே அவள் எதைப் பார்த்தாலும் எண்ணுவாள். படிக்கட்டு, ஜன்னல் கம்பி, பேருந்தில் நின்றுகொண்டு வருகிறவர்கள் என்று கணக்கில்லை. அண்ணன் கேலியாக 'எண்ணி' என்று கூப்பிடப் போய், அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறகு அண்ணனுக்குக் கல்யாணமாகி அண்ணி வந்தாள். நாற்று வாங்க வருகிறவர்களும் அவளை அண்ணி என்றே அழைத்ததால், வாசலில் யாராவது வந்து பாதித் தொண்டையில் கூப்பிட்டால் இரண்டு பேரும் எட்டிப் பார்ப்பார்கள்.

எண்ணிக்கு இப்போது முப்பத்தைந்து வயது. நான்கு வருடம் வாழ்ந்த கல்யாணம் சரிப்படாமல் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தவள். வந்த அன்று அண்ணன் "வா" என்றான். வேறெதுவும் கேட்கவில்லை. அண்ணிதான் விதை மூட்டைகள் வைத்திருந்த அறையை ஒழித்து, சுவருக்கு வெள்ளையடித்துக் கொடுத்தாள். அண்ணி கெட்டவள் இல்லை. வாய் மட்டும் கொஞ்சம் முன்னால் ஓடும், மனசு பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு வரும்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த நாற்றுப் பண்ணை அண்ணியின் சொந்த உழைப்பு. மாடியில் பத்துத் தட்டுகளோடு ஆரம்பித்தது. இப்போது பச்சை நிழல்வலைக்குக் கீழே நீளநீளமான இரும்பு மேஜைகளில் தட்டுகள் பரந்து கிடந்தன. தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைகோஸ். ஒவ்வொரு தட்டிலும் தொண்ணூற்றெட்டுக் குழி. குழிக்கு ஒரு விதை. தென்னைநார்த் தூளை நிரப்பி, விதையை விட்டு, மேலே லேசாக மூடி, மூன்று நாள் இருட்டில் அடுக்கி வைத்து, பிறகு பிரித்துப் பரப்ப வேண்டும். விதைப்பதும் தண்ணீர் விடுவதும் எண்ணியின் வேலை. தொண்ணூற்றெட்டில் தொண்ணூறுக்குக் குறையாமல் முளைத்துவிடும். அவள் எண்ணாமல் இருப்பாளா?

பண்ணையின் மேற்குப் பக்கம் சுற்றுச்சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு கிடங்கு. கிடங்குக்காரர் எப்போதோ வைத்த தைலமரங்கள் வரிசையாகப் பதினொன்று, வீட்டு உயரத்துக்கு இரண்டு மடங்கு வளர்ந்து நின்றன. காற்றடித்தால் கத்தி மாதிரி நீண்ட இலைகள் இந்தப் பக்கத்துத் தகரக் கூரையில் சரசரவென்று கொட்டும். அதை யாரும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

தெருக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும், அதுவும் ஒரு மணி நேரம். போன கோடையில் வாளி வாளியாகச் சுமந்து எண்ணிக்கு முதுகு ஒடிந்தது. எலெக்ட்ரீஷியனான அண்ணன் பார்த்தான். தகரக் கூரையின் ஓரத்தில் பள்ளமாகத் தகடு அடித்து, குழாய் இறக்கி, பெரிய கறுப்புத் தொட்டிகள் இரண்டில் மழைத் தண்ணீர் சேரும்படி செய்தான். நான்கு ஞாயிற்றுக்கிழமை வேலை. முதல் இரண்டு மழையிலேயே தொட்டிகள் நிரம்பிவிட்டன. தண்ணீர் லேசாக மஞ்சளாக இருந்தது, முகர்ந்தால் சளித் தைலம் மாதிரி ஒரு நெடி.

"இலைச்சாறு இறங்கியிருக்கு. செடிக்கு நல்லதுதான்" என்றான் அண்ணன். "நாத்துக்குச் சளியே பிடிக்காது பாரு."

மூன்று பேரும் சிரித்தார்கள். அடுத்த மாதத்திலிருந்து நாற்று சாகத் தொடங்கியது.

ஒரேயடியாகச் சாகவில்லை. முதலில் தொண்ணூறு எழுபதாயிற்று. பிறகு ஐம்பது. முளைத்தவையும் இரண்டு இலை விட்டதோடு நின்று வெளிறிப்போயின. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் தூளைப் பிடித்துக்கொண்டு ஒரு கட்டியாக வர வேண்டும். இவை தனியாகக் கையில் வந்தன. வேர் அரை விரல் நீளம்கூட இல்லை, நுனி பழுப்பாக இருந்தது.

அண்ணி முதலில் விதையைத்தான் சந்தேகப்பட்டாள். விதைக் கம்பெனியின் ஆளை வரவழைத்தாள். விதைக்காரர் என்றுதான் அவரை எல்லோரும் சொல்வார்கள். பேசும்போதுகூடத் தலைக்கவசத்தைக் கழற்றாத, நிதானமான மனிதர். அதே பெட்டியிலிருந்து நூறு விதை எடுத்துப் போனார். ஒரு வாரம் கழித்து வந்து, தொண்ணூற்று நான்கு முளைத்துவிட்டது என்று படத்தைக் காட்டினார்.

"விதை மேல குத்தம் இல்லக்கா. வேற எங்கயோ இருக்கு."

அவர் சொல்லிவிட்டுப் போன மறுநாள் காலை, தக்காளிக்காரர் வண்டியோடு வந்து நின்றார். ஆறு வருடமாக இங்கேதான் நாற்று வாங்குகிறார். நிலத்தை உழுது தயாராக வைத்துவிட்டு வந்திருக்கிறார். மேஜைகளைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார். அவர் ஒன்றும் சொல்லாததுதான் அண்ணியைச் சுட்டது.

"தண்ணி எப்படி ஊத்துற நீ?" என்று எண்ணியிடம் திரும்பினாள்.

"எப்பவும் போலத்தான் அண்ணி. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை."

"எப்பவும் போல ஊத்தினா எப்பவும் போல வந்திருக்கணுமே."

"ஒண்ணு கவனிச்சேன். சமையலறைப் பக்கத்து நாலு மேஜை நல்லாத்தான் இருக்கு. ஹோஸ் எட்டாதுன்னு அங்க குழாய்த் தண்ணிய வாளியில…"

"அப்போ அங்க மட்டும் பாத்து ஊத்தியிருக்க. மத்த இடத்துல ஏனோதானோன்னு விட்டிருக்க. அதைத்தானே நானும் சொல்றேன்."

"அப்படி இல்ல அண்ணி."

"பின்ன எப்படி? விதை நல்ல விதை. தூளு நல்ல தூளு. மிச்சம் இருக்கிறது கைதான்." அண்ணி அதோடு நிறுத்தியிருக்கலாம். "சில பேர் கை அப்படி. ராசி இல்லாத கை எதைத் தொட்டாலும் வெளங்காது."

தக்காளிக்காரர் வண்டிச் சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டிக் குழாயைத் திருகிக்கொண்டிருந்த அண்ணன் திருகுவதை நிறுத்தினான், ஆனால் எழுந்து வரவில்லை. எண்ணி கையிலிருந்த ஹோஸைக் கீழே வைத்தாள். எதைத் தொட்டது விளங்கவில்லை என்று அண்ணி சொல்கிறாள் என்பது எண்ணிக்கும் அண்ணனுக்கும் புரிந்தது. அது தக்காளி நாற்றோடு நிற்கிற பேச்சு இல்லை.

அன்று மதியமே அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அண்ணன் பேருந்து நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தான்.

"அவ வாய் அப்படித்தான்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும். உன் வாய் எங்க போச்சுன்னுதான் தெரியல" என்றாள் எண்ணி.

நான்கு தெரு தள்ளி, துணிப்பை தைக்கிற பட்டறை ஒன்றில் வேலை கிடைத்தது. பட்டறைக்கு மேலேயே ஒரு அறை. ஒரு கட்டில், ஒரு ஜன்னல், சுவரில் ஐந்து ஆணி. பைகளை எண்ணி நூறு நூறாகக் கட்டுவது அவள் வேலை. அதில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஊர் சின்னது, பேச்சுக்குக் கால் நீளம். அண்ணியின் வார்த்தை தெருவில் போன யார் காதிலோ விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது வாரம் ஒரு தையல் இயந்திரம் மக்கர் செய்தபோது, அதில் தைக்கிற பெண் சிரித்துக்கொண்டே, "எண்ணிக்கா, நீங்க எதுவும் தொட்டீங்களா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எண்ணியும் சிரித்து வைத்தாள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாவது வாரம் அண்ணன் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். இந்தத் தடவை அண்ணியே விதைத்தாள், அண்ணியே தண்ணீர் விட்டாள், அதுவும் போய்விட்டது என்று சொன்னான்.

"எத்தனை?"

"பாதிகூட வரல."

"எந்த மேஜை நல்லா இருக்கு?"

அண்ணன் யோசித்தான். "சமையலறைப் பக்கம் இருக்கிறதுதான்."

"அண்ணி என்ன சொல்றாங்க?"

"ஒண்ணும் சொல்லல. இப்போ தூளு சரியில்லன்னு சொல்லிக்கிட்டிருக்கா."

அன்று என் கைமேல் போட்ட பழியை அண்ணி இன்று தன் கைமேல் ஏற்றிக்கொள்ளவில்லை, தூள்மேல் ஏற்றிவிட்டாள் என்று எண்ணிக்குக் கோபம் வந்தது. அவள் நிஜமாக யோசிக்க ஆரம்பித்தது அந்தக் கோபத்தில்தான்.

பட்டறைக்குப் பால் வாங்கக் கிடங்கின் பின்பக்கத்து வழியாகப் போக வேண்டியிருந்தது. அந்தப் பக்கம் ஒரு கீரைத் தோட்டம். மறுநாள் போகும்போது வழக்கம் போலப் பாத்திகளை எண்ணினாள். பதினாறு. பதினான்கில் கீரை தளதளவென்று நின்றது. தைலமரங்களை ஒட்டிய முதல் பாத்தி வெறும் தரை, அதில் கீரைக்காரர் தன் மிதிவண்டியை நிறுத்தியிருந்தார். இரண்டாவதில் கீரை இருந்தது, ஆனால் பாதி உயரம்.

"அந்த ஒண்ணுல ஏன் எதுவும் போடல?"

கீரைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். "போட்டுப் போட்டுச் சலிச்சுட்டேன்மா. அந்த மரம் பக்கத்துல ஆரையும் வாழ விடாது. ஒரு களைகூட வரல பாரு."

"நிழலா?"

"நானும் மொதல்ல நிழல்னுதான் நெனச்சேன். காலையில பூரா வெயில் அங்கதான் விழுது. அப்புறம் வேர் தண்ணியை உறிஞ்சுதுன்னு நெனச்சேன். ரெண்டு மடங்கு தண்ணி விட்டேன், அப்பவும் இல்ல. ஒரு வருஷம் அந்த இலையைக் கூட்டி அள்ளி, எருவா இருக்கட்டும்னு நடுப் பாத்தியில போட்டேன். மரத்துக்கும் அதுக்கும் அம்பது அடி தூரம். அங்கயும் விதை முளைக்கல. அப்பத்தான் தெரிஞ்சுது, விஷம் இலையில இருக்குன்னு. மழை பெய்ஞ்சா இலையில இருக்கிறது கரைஞ்சு மண்ணுல எறங்குது. மரம் தன் இடத்தைத் தானே காவல் காத்துக்குது."

எண்ணி பாலை மறந்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பாதி வழியில் ஞாபகம் வந்து மறுபடி போனாள்.

அன்று மாலை அண்ணனுக்குப் போன் செய்தாள். தொட்டித் தண்ணீரில் ஒரு கேன், கூரையில் கிடக்கிற இலையில் ஒரு பை, தக்காளி விதையில் ஒரு பொட்டலம் வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"எண்ணிப் பாக்க."

ஒன்பது சின்னப் பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கினாள். பட்டறையில் மிஞ்சிய பருத்தித் துணியை வட்டமாக வெட்டித் தட்டுக்கு இரண்டு மடிப்பாகப் போட்டாள். தட்டுக்கு இருபது விதை. மூன்று தட்டுக்குத் தெருக் குழாய்த் தண்ணீர், மூன்றுக்குத் தொட்டித் தண்ணீர், மீதி மூன்றுக்குத் தைல இலையை ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டிய குழாய்த் தண்ணீர். எல்லாவற்றுக்கும் ஒரே கரண்டியால் ஒரே அளவு. தட்டுகளை ஜன்னலுக்குக் கீழே வரிசையாக வைத்து மேலே ஒரு துணிப்பையைப் போட்டு மூடினாள். ஒவ்வொன்றின் விளிம்பிலும் பேனாவால் குறி.

தினமும் காலை வேலைக்கு இறங்குமுன் எண்ணினாள். நான்காம் நாள் குழாய்த் தண்ணீர்த் தட்டுகளில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது. ஏழாம் நாள் அந்த மூன்று தட்டிலும் சேர்த்து அறுபதுக்கு ஐம்பத்தாறு. தொட்டித் தண்ணீரில் இருபத்திரண்டு, அவற்றின் வேரும் நகத்தளவுதான். இலை ஊறிய தண்ணீரில் நான்கே நான்கு. அந்த நான்கும் பழுப்பு நுனியோடு சுருண்டு கிடந்தன.

அவளுக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை. கட்டிலில் உட்கார்ந்து தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தாள். நான்கு வாரமாக அவளே அந்தக் கைகளைச் சந்தேகப்பட்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

விதைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்தத் தடவை அவர் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார்.

"ஒரு தடவை வந்தா தற்செயல்னு சொல்லிடுவாங்க. இன்னொரு தடவை பண்ணுங்க. வேற பெட்டி விதை தர்றேன். தொட்டித் தண்ணியில பாதி, குழாய்த் தண்ணி பாதி கலந்து அதையும் ஒரு வரிசை வைங்க."

வைத்தாள். அதே மாதிரிதான் வந்தது. பாதி கலந்த தண்ணீரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே முளைத்தது.

அண்ணன் வந்து பார்த்தான். அவன் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ எல்லாம் நான் கட்டின தொட்டியாலதான்."

"தொட்டி நல்ல தொட்டிதான். கூரையைப் போய்ப் பாரு."

அண்ணன் ஏணி வைத்து ஏறினான். கூரையோரத் தகட்டுப் பள்ளம் முழுக்க இலை, மாவு மாதிரி ஊறிக் கறுத்துக் கிடந்தது. நான்கு சாக்கு நிறைய அள்ளினான். தொட்டியின் அடியில் இன்னும் ஒரு சாக்கு. இறங்கி வந்தவன் குளித்த பிறகும் இரண்டு நாள் தைல நாற்றம் போகவில்லை. எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னதும் அவன்தான். என்ன சொன்னான், எப்படிச் சொன்னான் என்று எண்ணிக்குத் தெரியாது. மறுநாள் காலை பட்டறை திறக்குமுன் அண்ணி மாடிப்படி ஏறி வந்தாள்.

வந்தவள் வாசலில் நின்றாள். எண்ணி உள்ளே வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அண்ணியே உள்ளே வந்து, ஜன்னலடியில் குனிந்து தட்டுகளைப் பார்த்தாள். நாற்று வளர்ப்பவள் அவள், சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு தட்டிலிருந்து ஒரு முளையை எடுத்து வேரைப் பார்த்துவிட்டு அதே இடத்தில் வைத்தாள்.

"எல்லாத்துக்கும் நீதான் ஊத்தினியா?"

"நான்தான். கை ஒண்ணுதான் அண்ணி. தண்ணிதான் மூணு."

அண்ணி கட்டிலில் உட்கார்ந்தாள். முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்தாள். பட்டறையில் யாரோ ஷட்டரைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"நான் சொன்னது தப்பு. நாத்தைப் பத்திச் சொன்னது மட்டும் இல்ல. அதுக்கு அப்புறம் சொன்னது. சொல்லி முடிக்கும்போதே தெரிஞ்சுது. வார்த்தையை எப்படித் திரும்ப அள்ளுறது?"

"தக்காளிக்காரர் முன்னாடி சொன்னீங்க. அவர் முன்னாடியே அள்ளுங்க" என்றாள் எண்ணி.

அண்ணி ஒரு நிமிடம் அவளைப் பார்த்தாள். "கிளம்பு" என்றாள்.

அண்ணனுடைய ஸ்கூட்டரில் இரண்டு பேரும் போனார்கள். அண்ணிதான் ஓட்டினாள். தக்காளிக்காரர் வரப்பில் நின்று குழாய் மாட்டிக்கொண்டிருந்தார். வேறு எங்கோ வாங்கிய நாற்று வயலில் நின்றது.

அண்ணி மூச்சு வாங்க நேராகச் சொல்லிவிட்டாள். தைலமர இலை, கூரை, தொட்டி, தண்ணீர், எல்லாம். "அன்னிக்கு உங்க முன்னாடி இவ கையைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னேன். அது பொய். இவதான் கண்டுபிடிச்சா. நானா இருந்தா இன்னும் தூளை மாத்திக்கிட்டே இருந்திருப்பேன்."

தக்காளிக்காரர் நெற்றியைச் சுருக்கினார். "கையைப் பத்தியா? என்ன சொன்னீங்க? எனக்கு நாத்து போன கவலைதான் இருந்துச்சு, வேற எதுவும் காதுல விழல." பிறகு எண்ணியைப் பார்த்து, "தண்ணியை மாத்தியாச்சுல்ல? அடுத்த நாத்து எப்போ வரும்?" என்றார்.

நான்கு வாரம் தன் சாப்பாட்டைக் கெடுத்த வார்த்தை அந்த மனிதரின் காதில் ஏறவே இல்லை. எண்ணிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. திரும்பி வரும் வழியில் அண்ணியே முதலில் சிரித்தாள். ஸ்கூட்டர் ஆடியது. "பாத்து ஓட்டுங்க" என்று எண்ணி அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மரத்தை வெட்டச் சொல்லிக் கிடங்குக்காரரிடம் கேட்டுப் பார்த்தார்கள். "மரம் என் மண்ணுல நிக்குது, இலை காத்துல பறக்குது. காத்தைப் போய்க் கேளுங்க" என்றுவிட்டார். மல்லுக்கட்டிப் பயனில்லை என்று அண்ணி நிழல்வலையைப் பிரித்துக் கிழக்குப் பக்கம் மாற்றினாள். அண்ணன் கூரைத் தகட்டுக்குக் கம்பிவலை போட்டான். முதல் மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகாமல் சாக்கடையில் விழும்படி ஒரு திருகு வைத்தான். தொட்டித் தண்ணீரை இப்போது வீடு கழுவத்தான் எடுக்கிறார்கள், நாற்றுக்குக் குழாய்த் தண்ணீரைத் தனித் தொட்டியில் பிடித்து வைக்கிறார்கள்.

எண்ணி திரும்பி வருவாள் என்று அண்ணி நினைத்திருந்தாள். அறைக்குப் புதுப் பாய்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். ஆனால் விதைக்காரர் தன் கம்பெனியில் சொல்லி, முளைப்புச் சோதனை அறையில் ஒரு வேலை காலியாக இருப்பதாகத் தகவல் கொண்டுவந்தார். நாள் முழுக்க ஈரத்தாளில் விதை வைத்து எண்ணுகிற வேலை. "கண் வலிக்கும், இடுப்பு வலிக்கும், பொறுமை வேணும். ஆரும் ஆறு மாசம் தாக்குப்பிடிக்கிறதில்ல" என்றார். எண்ணி சரி என்றாள்.

"அப்போ நான் வேணாம்" என்று அண்ணி மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"நீங்க வேணும். பண்ணை வேலைதான் வேணாம்" என்றாள் எண்ணி. பட்டறைக்கு மேலே இருந்த அறையையும் அவள் விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து விதைத்துக் கொடுப்பதாக ஒப்புக்கொண்டாள். ஒரு ஞாயிறு வராவிட்டால் அண்ணியிடமிருந்து போன் வந்துவிடும்.

இரண்டு மாதம் கழித்து, ஞாயிறு இல்லாத ஒரு நாளில் போன் வந்தது.

"கத்தரித் தட்டு ரெண்டு சரியா முளைக்கல" என்றாள் அண்ணி. "புதுசா வேலைக்கு வந்தவங்களைத் திட்டலாம்னு வாயைத் திறந்தேன். திறந்த வாயோட உனக்குப் போன் பண்றேன்."

"எந்த மேஜை?"

"வாசல் பக்கம். ஓரத்துல."

"தட்டைத் தூக்கி அடியில பாத்தீங்களா?"

போனில் தட்டைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

"எறும்பு" என்றாள் அண்ணி. "விதையை வரிசையா எடுத்துக்கிட்டுப் போகுது."

"மேஜைக் காலுக்குத் தண்ணிக் கிண்ணம் வைங்க. நான் சாயங்காலம் வர்றேன்" என்று சொல்லிவிட்டு, எண்ணி விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினாள்.